சாப்பாட்டுக் கூடத்தில் தாலி கட்டுங்கள்: ஒரு மைக்செட்காரனின் மண்டப விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மண்டபத்தின் பெயரைப் போடமாட்டேன். நாளைக்கும் அதே வாசலில்தான் என் டாடா ஏஸை நிறுத்திப் பெட்டி இறக்கியாக வேண்டும். தர்மபுரியிலிருந்து அரை மணி நேரம். ரோட்டிலிருந்து பார்த்தால் கவிழ்த்துவைத்த வெள்ளைச் சட்டி மாதிரி தெரியும். போனவர்களுக்கு இதுவே போதும்.

நான் மைக்செட் போடுகிறவன். படித்தது டிப்ளமோ சிவில். 1994-ல் முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் சைட்டில் நின்றேன். அப்பா படுத்துவிட்டார். அவருடைய கூம்பு ஸ்பீக்கர் நாலும், ஓடாத ரெக்கார்ட் பிளேயர் ஒன்றும், ஊரெல்லாம் நின்றுபோன பாக்கியும் என் தலையில் விழுந்தன. அன்றிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் நான் ஒயர் இழுக்காத மண்டபம் குறைவு. படிப்பு வீண் என்று வீட்டில் இன்னமும் சொல்வார்கள். ஆனால் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் ஏசி இருக்கிறதா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். அது எப்படி நிற்கிறது என்று ஒரு பார்வை, என் மைக்கை என்ன பாடு படுத்தப்போகிறது என்று இன்னொரு பார்வை.

இந்த மண்டபத்தில் பார்க்க மூன்று கூரை இருக்கிறது. மூன்றும் மூன்று விதம். நம் பக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இப்படி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முகப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரிலிருந்து இறங்குகிற இடம். நடுவில் ஒரே தூண், அதன்மேல் காற்றில் திருப்பிக்கொண்ட குடை மாதிரி நாலு பக்கமும் மேல்நோக்கி விரிகிற கான்கிரீட். 24 அடிக்கு 24 அடி. ஓரத்தில் விரலை வைத்து அளந்தேன், கனம் மூன்று அங்குலம்தான். பெண்ணை அழைக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஒருமுறை அதற்கு அடியில் நின்று மேலே பாருங்கள். கூரை வளைந்து நெளிந்து போகிறது. ஆனால் கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் சென்ட்ரிங் பலகையின் தடம் பதிந்திருக்கிறதே, அது ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. வளைவுக்குள் ஒரு பலகைகூட வளையவில்லை.

இது கண்கட்டு வித்தை இல்லை. வீட்டில் பழைய கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன் ஒரு காலை மட்டும் ஒரு முழம் தூக்கிப் பாருங்கள். சட்டம் முறுக்கிக்கொள்ளும். கயிறு ஒவ்வொன்றும் நேராகவே இருக்கும், ஆனால் கட்டிலின் பரப்பு குதிரைச் சேணம் மாதிரி வளைந்துவிடும். இந்தக் குடை அப்படிப்பட்ட நாலு கட்டிலைச் சேர்த்து ஒட்டினது. நேர்ப் பலகையிலேயே சென்ட்ரிங் அடிக்கலாம் என்பதால் தச்சுக் கூலி கட்டுப்படியாகும். மெக்சிகோவில் ஃபெலிக்ஸ் காண்டேலா என்று ஒருவர் இந்த வடிவத்தை வைத்தே வாழ்நாள் முழுக்கக் கட்டினார். சோச்சிமில்கோ என்ற ஊரில் 1958-ல் அவர் கட்டிய ஓட்டல் கூரை தாமரை மாதிரி எட்டு இதழாக விரிந்து நிற்கிறது. அதன் கனம் 4 சென்டிமீட்டர். நம் வீட்டு மொட்டைமாடித் தளத்தில் பாதிகூட வராது.

முகப்பில் ஒரே குறை, அதுவும் கூரையின் குறை இல்லை. மழைத் தண்ணீர் தூணுக்குள் இருக்கும் குழாய் வழியாக இறங்குகிறது. பக்கத்தில் புங்கமரம். மேலே ஏறி இலையை வாரச் சொல்லி மேனேஜரிடம் மூன்று ஐப்பசியாகச் சொல்கிறேன். "பார்க்கலாம்ணா" என்கிறார். குழாய் அடைத்தால் அந்தக் குடை தொட்டியாகிவிடும். 24 அடித் தொட்டியை ஒற்றைக் காலில் நிறுத்திவைத்த மாதிரி.

இப்போது டோம். இந்த விமர்சனம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

லேசர் டேப்பில் அளந்தது இது: உள்விட்டம் 60 அடி. வட்டச் சுவர் 20 அடி உயரம். அதன்மேல் டோம் இன்னும் 15 அடி எழும்புகிறது. ஆக உச்சி 35 அடி. நடுவில் ஒரு தூண் கிடையாது. வீடியோக்காரர்கள் இந்த மண்டபம் என்றால் சந்தோஷமாக வருவார்கள், எந்த மூலையில் நின்றாலும் மணவறை மறைக்காது. மூலை என்று ஒன்று அங்கே இல்லை என்பது வேறு விஷயம். வட்டத்துக்குள் நாற்காலியை எப்படி வரிசை போட்டாலும் பாதி இடம் கோணலாகப் போகும். 350 நாற்காலிக்கு மேல் பிடிக்காது. நம் பக்கத்துக் கல்யாணத்துக்கு அது எந்த மூலைக்கு?

தூண் இல்லாமல் 60 அடி என்பது சாதாரணம் இல்லை. தர்மபுரிக் கோட்டைக் கோவிலுக்குப் போனவர்கள் தொங்கும் தூணுக்கு அடியில் காகிதத்தை நுழைத்துப் பார்த்திருப்பீர்கள். அந்த அதிசயத்தைப் பார்த்த கண் சுற்றி இருக்கும் மற்ற தூண்களைப் பார்ப்பதில்லை. அங்கே ஏன் இத்தனை தூண் என்று கேட்டால் கூரை கல் பலகை. கல்லை அமுக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இரண்டு முனையில் தாங்கி நடுவில் விட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடும், இழுத்தால் கல் உடையும். அதனால் சில அடிக்கு ஒரு தூண் நட்டே ஆகவேண்டும். கிருஷ்ணகிரி மல்லச்சந்திரம் மலைமேல் இருக்கிற கல்திட்டைகளும் அதே கதைதான், நாலு பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். மூடுகல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் வீடு.

அந்த இழுப்பே இல்லாமல் எல்லாவற்றையும் அமுக்கமாக மாற்றிவிட்டால்? அதற்கு வழி மணவறையிலேயே தொங்குகிறது. இரண்டு கால்களுக்கு நடுவே தொங்கவிட்ட சம்பங்கி மாலையைப் பாருங்கள். தன் எடையில் தானே ஒரு வளைவு எடுத்திருக்கும். அதற்குள் இழுப்பு மட்டும்தான் இருக்கிறது, வேறு எதையும் தாங்க நூலுக்குத் தெம்பு இல்லை. அந்த வளைவை அப்படியே உறையவைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால், இழுப்பு இருந்த இடமெல்லாம் அமுக்கமாகிவிடும். கல்லும் செங்கலும் கான்கிரீட்டும் அப்படித்தான் நிற்க ஆசைப்படும். இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் இதைக் கண்டுபிடித்து 1675-ல் வெளியிட்டார், அதுவும் யாருக்கும் புரியாதபடி எழுத்துகளைக் கலைத்துப் போட்டு. நம் நாட்டில் ஜி.எஸ். ராமசாமி என்ற என்ஜினியர் துணியைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகினதும் கவிழ்த்துக் கூரையாக்கினார். எங்கள் பாலிடெக்னிக் சார் கைக்குட்டையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் வைத்து இதைச் செய்து காட்டினார். கவிழ்த்த கைக்குட்டைமேல் செங்கலை வைத்தார். நின்றது. இரண்டாவது செங்கலை வைத்திருக்க வேண்டாம்.

டோம் இதையே சுற்றிச் சுழற்றினது. மண்டப டோமின் கனம் நாலு அங்குலம். ஒரு நாள் ராத்திரி ரிசப்ஷன் முடிகிறவரை வண்டியில் உட்கார்ந்து பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மொத்த எடை சுமார் 80 டன் வருகிறது. 80 டன் தலைக்குமேல் இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் பந்திக்குப் போகாமலேயே கிளம்பிவிடுவார்கள். ஆனால் அந்த எடை கான்கிரீட்டில் உண்டாக்கும் அமுக்கம், அது தாங்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முட்டை ஓடு மாதிரிதான், வலு கனத்தில் இல்லை, வளைவில் இருக்கிறது.

தொல்லை உச்சியில் வராது, அடியில் வரும். டோம் தன் காலை வெளியே அகட்டப் பார்க்கும். உச்சியிலிருந்து அளந்தால் சுமார் 52 டிகிரி வரை எல்லாமே அமுக்கம். அதற்குக் கீழே போனால் வட்டம் விரிய ஆரம்பிக்கும், ஆரஞ்சுத் தோலை மேலிருந்து அமுக்கின மாதிரி மேலும் கீழுமாக வெடிக்கும். ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்து டோமில் இப்படி வெடிப்பு விட்டு, 1740-களில் சுற்றி இரும்பு வளையம் பூட்டினார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா அடிக்கிறோமே, அதேதான். நம் மண்டபத்து டோம் 53 டிகிரியில் முடிகிறது. யார் போட்ட டிசைனோ, விவரம் தெரிந்த ஆள். அடியில் இருக்கும் வளைய பீமுக்குள் கம்பி சுமார் 10 டன் இழுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த பீமின்மேல்தான் எலக்ட்ரீஷியன்கள் சீரியல் செட்டுக்கு ஆணி அடிக்கிறார்கள். ஒருமுறை டிரில்லோடு ஏறினவனைக் கத்தி இறக்கினேன்.

கட்டுகிறபோதே ஸ்பீக்கர் பைப் எங்கே விடணும் என்று கேட்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சென்ட்ரிங் பிரிக்கிற அன்றைக்குப் போயிருந்தேன். உச்சியில் இருக்கும் முட்டுகளை முதலில் தளர்த்தி, வட்டம் வட்டமாக ஓரத்துக்கு வந்தார்கள். ஓரத்தில் ஆரம்பித்திருந்தால் நடுவில் நிற்கும் முட்டு டோமை அடியிலிருந்து குத்தியிருக்கும். கடைசி வட்டம் கழன்றபோது சத்தமே இல்லை. மேஸ்திரி மட்டும் ஒரு பீடி பற்றவைத்தார்.

அன்றைக்கே ஓனரிடம் சொன்னேன். "சார், சத்தம் சுத்தும்."

"கோவில் மாதிரி கணீர்னு இருக்கும்பா" என்றார்.

கணீர் என்றுதான் இருக்கிறது. இரண்டு தடவை.

தரையின் நட்டநடுவில் கிரானைட்டில் ஒரு தாமரை பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று ஒரு தட்டு கைதட்டுங்கள். மேலிருந்து இன்னொருவர் பதிலுக்குத் தட்டுவார். டோம் ஒரு பெரிய உருண்டையிலிருந்து வெட்டியெடுத்த மூடிதான். முழு உருண்டையையும் மனசில் வரைந்தால் அதன் ஆரம் 37½ அடி. உச்சி 35 அடியில் இருப்பதால் உருண்டையின் மையம் தாமரைக்கு நேர் கீழே, தரைக்குள் இரண்டரை அடியில் இருக்கிறது. அதாவது நடுவில் கிளம்பின சத்தம் டோமின் எந்தப் பக்கம் பட்டாலும் திரும்ப நடுவுக்கே வந்து குவியும். சவரக் கண்ணாடியில் முகம் பெரிசாகத் தெரிகிற மாதிரி, இது காதுக்கு. எங்கள் தொழிலில் ஒரு வழிகாட்டு இருக்கிறது: வளைந்த கூரையின் ஆரம் ஒன்று உயரத்தில் பாதிக்குள் இருக்கணும், இல்லாவிட்டால் உயரத்தைப்போல் இரண்டு பங்குக்குமேல் இருக்கணும். உயரத்துக்குச் சமமாக மட்டும் இருக்கவே கூடாது. இங்கே 35-க்கு 37½.

அதோடு நேரக் கணக்கு ஒன்று. சத்தம் நொடிக்குச் சுமார் 1,130 அடி போகும். ஐயர் வாயருகே மைக் இரண்டடி உயரத்தில். அங்கிருந்து உச்சிக்கு 33 அடி, திரும்ப 33, மொத்தம் 66. இதற்கு ஆவது ஒரு நொடியில் 17-ல் ஒரு பங்கு. காதுக்கு 20-ல் ஒரு பங்கு வரைக்கும்தான் பொறுமை. அதற்குள் வருகிற எதிரொலியை முதல் சத்தத்தோடு சேர்த்துவிடும், தாண்டி வந்தால் இரண்டாவது சத்தமாகக் கேட்கும். "மாங்கல்யம் தந்துநானேன" என்று ஐயர் சொல்ல, மேலே இருக்கும் ஐயரும் அதையே சொல்கிறார். ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டுமே புரியாது. அதை அமுக்க நான் வால்யூமைக் குறைத்தால் "மைக்செட், சத்தம் வை" என்று பின்வரிசை கத்தும். ஏற்றினால் 'ஊய்ங்'.

ஓனர் ஆசைப்பட்டு மணவறையை ஓரத்து மேடையில் வைக்காமல் தாமரைமேலேயே வைக்கிறார். சுற்றிலும் நாற்காலி. ஒரு பாதி பெண் வீடு, எதிர்ப்பாதி மாப்பிள்ளை வீடு. பார்க்க அம்சமாக இருக்கும். இப்போது கண்ணாடிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து இந்தப் பக்கம் 12 அடி தள்ளி உட்கார்ந்து முணுமுணுத்தால், அது கூரையில் பட்டு, அந்தப் பக்கம் 12 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் இறங்கும். பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. எதிர்ச் சம்பந்திக்குக் கேட்கும்.

போன வைகாசியில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம், மேளத்துக்கு டீ போயிருந்தது, மண்டபம் கொஞ்சம் அமைதி. மாப்பிள்ளை வீட்டு முதல் வரிசையில் பட்டுப்புடவை கட்டின ஒரு அம்மா, திடீரென்று நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, யாரு மைக்கு ஆன்ல இருக்குது?"

"எதுவும் இல்லீங்கம்மா. எல்லாம் ஆஃப்."

"பின்ன அஞ்சு பவுன் கொறையுதுன்னு யாரு பேசறது?"

எதிர்ப்பக்கம் பார்த்தேன். நேர் எதிர் நாற்காலியில் பெண்ணோட சித்தி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். 24 அடி தூரம், நடுவில் மணவறை வேறு. மிக்ஸரில் கையை வைத்து ஒரு நாதஸ்வரக் கேசட்டைப் போட்டுவிட்டேன். கேசட் என்பது பழக்கதோஷம், பென்டிரைவ்தான். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

பண்டரிபுரம் போனபோது வழியில் பிஜப்பூரில் இறங்கி கோல் கும்பஸ் பார்த்திருக்கிறேன். 1656-ல் முடித்தது, வெளிவிட்டம் 44 மீட்டர். மேலே வட்டத் திண்ணையில் நின்று ஒருவர் குசுகுசுத்தால் எதிரில் நிற்பவருக்குக் கேட்கிறது. டிக்கெட் வாங்கி ஏறிப்போய் வரிசையில் நின்று கேட்டோம். அது சமாதி, அங்கே யாரும் நகை பேசப்போவதில்லை. கல்யாண மண்டபத்துக்கு இது ஆகாது.

தப்பு டோம் மேல் இல்லை என்று சிவில்காரன் மூளை வாதாடும். டோமைத் தட்டையாக்கி 7 அடி மட்டும் எழும்பவிட்டு, சுவரை 28 அடிக்கு ஏற்றியிருந்தால் ஆரம் சுமார் 68 அடியாகும், உயரத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு, காதுக்குப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். ஆனால் அப்போது அடி வளையத்தில் இழுப்பு 10 டன்னிலிருந்து 22 டன்னுக்குப் போகும். தட்டையாகத் தட்டையாக டோம் காலை அதிகம் அகட்டும். இஸ்தான்புல்லில் தேவாலயமாகக் கட்டின ஹேகியா சோபியாவின் முதல் டோம் இப்போது இருப்பதைவிடத் தட்டையாக இருந்தது. 537-ல் திறந்து, பூகம்பங்களில் ஆடிப்போய் 558-ல் இடிந்தது. திரும்பக் கட்டினவர்கள் உயரத்தைக் கூட்டித்தான் கட்டினார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டில் 22 டன் ஒன்றும் பெரிசில்லை, கூடக் கொஞ்சம் கம்பி. ஓனரிடம் இதைச் சொல்ல யாரும் இல்லை. சொன்ன ஒருவன் மைக்செட்காரன்.

இன்னொன்று ஹோமப் புகை. ரோமில் பாந்தியன் என்று 1,900 வருஷத்து டோம், 43 மீட்டர், கம்பியே இல்லாத கான்கிரீட். அதன் உச்சியில் 27 அடிக்குக் குறையாத ஓட்டையைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். மழை உள்ளே விழும், தரையில் வடிகால் இருக்கிறது. நம் மண்டபத்தில் உச்சியை மூடிச் சரவிளக்கு மாட்டிவிட்டார்கள். நெய்ப் புகை மேலே போய் முட்டி, குளிர்ந்து, ஓரமாக இறங்கிக் கடைசி வரிசைக்காரர்கள் கண்ணில் ஏறுகிறது. விளக்கைச் சுற்றி நாலு ஓட்டை விட்டு ஒரு எக்ஸாஸ்ட் வைத்தாலே போதும். உச்சியில் ஓட்டை போட்டால் டோம் விழுந்துவிடும் என்று பயப்படுகிறார் மேனேஜர். ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம் இருந்தால் விழாது. ஆனால் அவர் போட்டுவைத்த பட்டியலில் புங்க இலைக்குப் பிறகுதான் இது.

சத்தத்துக்கு நானாகச் செய்துபார்த்த வைத்தியம் உண்டு. பந்தல்காரர் முதலில் டோமுக்கு அடியில் சாட்டின் துணியைத் தொங்கவிட்டார். மெல்லிய துணி சத்தத்துக்கு ஒரு பொருட்டே இல்லை, புகுந்து போய்த் திரும்பிவிடும். அடுத்த முகூர்த்தத்துக்கு 14 பவானி ஜமுக்காளம் வாடகைக்கு வாங்கி, வளைய பீமிலிருந்து குறுக்கே கயிறு கட்டி மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். நன்றாகவே குறைந்தது. தவிலின் 'திம்' ஒரே 'திம்' ஆனது. லண்டனில் 1871-ல் திறந்த ராயல் ஆல்பர்ட் ஹாலில் இதே எதிரொலி வியாதி நூறு வருஷத்துக்குக் கிட்ட இருந்து, 1969-ல் டோமிலிருந்து ஃபைபர் கிளாஸ் தட்டுகளைக் காளான் மாதிரி தொங்கவிட்டுத்தான் அடங்கியது. எங்களுடையது கோடு போட்ட காளான். ஓனர் வந்து அண்ணாந்து பார்த்தார். "இவ்ளோ செலவு பண்ணி டோம் கட்டினது ஜமுக்காளம் காயப்போடவா?" அன்றைக்கே இறக்கிவிட்டோம்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வருகிறேன். மண்டபத்துக்குப் பின்னால், செருப்புப் போகிற வழியில், யாரும் போட்டோ எடுக்காத இடம். 40 அடி அகலம், 80 அடி நீளம். இங்கேயும் நடுவில் தூண் இல்லை. கூரை காகித விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மேடு பள்ளம் மேடு பள்ளம் என்று பத்து மடிப்பு, ஒவ்வொன்றும் 8 அடி அகலம், 3 அடி ஆழம். கனம் இங்கேயும் நாலு அங்குலம்தான்.

சாப்பிட உட்கார்ந்து இலை வருவதற்குள் சட்டைப் பையில் இருக்கும் பத்திரிகையின் உள்தாளை எடுங்கள். இரண்டு டம்ளருக்கு நடுவே தட்டையாக வைத்தால் தொப்பென்று தொங்கும். அதையே விசிறியாக மடித்து வையுங்கள். மேலே மூன்றாவது டம்ளரை, தண்ணீரோடு, வைக்கலாம். தாள் அதே தாள், கனம் கூடவில்லை, ஆழம் கூடியிருக்கிறது. பலகையைப் படுக்கப்போட்டு நடந்தால் வளையும், நிமிர்த்தி வைத்தால் வளையாது. வளையாமல் நிற்கும் குணம் ஆழத்தின் மும்மடியாக ஏறும். ஆழத்தை இரண்டு பங்காக்கினால் எட்டு பங்கு. நாலு அங்குலத் தளத்தை 40 அடிக்குத் தட்டையாகப் போட்டால் தன் எடையிலேயே தொங்கி உடையும். மடித்ததால் அது மூன்றடி ஆழ பீம் பத்து சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது. முனையில் மட்டும் மடிப்பு விரியாமல் பிடிக்க ஒரு சுவர் வேண்டும், அதையும் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கூரை ஒழுகும். பள்ளம் மடைக்குச் சேருகிற இடத்தில், கைகழுவும் பக்கம் மூன்றாவது மடிப்பு. அடைமழையில் ஒரு வாளி வைக்கணும். தார்ஷீட் வேலை ஒரு நாள் வேலை.

ஆனால் சத்தம்! சாய்ந்த பட்டைகள் ஒன்று இப்படித் தள்ள, அடுத்தது அப்படித் தள்ள, எதிரொலி எங்கேயும் குவிவதற்கு வழியே இல்லை. கூரை தாழ்வாக இருப்பதால் திரும்பி வருகிற சத்தமும் சீக்கிரமே வந்து முதல் சத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பரிமாறுகிறவர் 'பொரியல்' என்றால் கடைசி இலைவரை 'பொரியல்' என்றே கேட்கும். மைக் இல்லாமலே. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என் மனசில் ஒரே எண்ணம்தான்.

அதைச் செய்துபார்க்க இந்தத் தை மாதம் வழி கிடைத்தது. அக்கா மகள் கல்யாணம், அதே மண்டபம். நான் தாய்மாமன். மைக்செட்காரன் பேச்சை யாரும் கேட்க வேண்டாம், தாய்மாமன் பேச்சைத் தட்டமுடியாது.

"சாப்பிடற எடத்துல தாலி கட்டறதாடா?" என்றார் மாமா.

"பந்தி போட்டா அது சாப்பிடற எடம் மாமா. கோலம் போட்டு வெளக்கேத்தினா மணவறை."

"சனங்க என்ன பேசும்?"

"பேசறது கேக்கும். அங்க அதுகூடக் கேக்காது."

அக்கா ஒத்துக்கொண்ட காரணம் வேறு. வட்டத்துக்குள் 350 பேர்தான், இங்கே 3,200 சதுர அடி. டேபிளை எல்லாம் டோமுக்குள் மாற்றினோம். வீடியோக்காரர் கிரேன் ஏற்ற உயரம் இல்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். உள்ளபடியே அது ஒரு குறைதான், ஆல்பத்தில் எல்லாம் கொஞ்சம் தாழ்வாக, ஸ்கூல் ஆண்டுவிழா மாதிரி தெரிகிறது. நான் நாலு சின்னப் பெட்டியைக் காது உயரத்தில் சுவரோரம் வைத்தேன். பெரிய பெட்டி இரண்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. முகூர்த்தத்தில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. ஐயர் கார்ட்லெஸ் மைக்கை அணைக்க மறந்து, அடுத்த முகூர்த்தத்துக்குக் காரிமங்கலம் வர எவ்வளவு நேரமாகும் என்று போனில் சொன்னதும் கடைசி வரிசைவரை தெளிவாக விழுந்தது.

கெட்டிமேளம் முடிந்து பந்தி டோமுக்குள். சுற்றி வட்டமாக டேபிள், வட்டத்தின் நடுவே தாமரை. பரிமாறுகிற பையன் ஒருவன் வாளியோடு அந்தத் தாமரைமேல் நின்று "ரசம், ரசம்" என்று கூப்பிட்டான். மேலிருந்தும் ரசம் வந்தது. அவன் வாளியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தான். இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். பக்கத்து டேபிளில் இருந்த வாண்டுகள் இலையை விட்டு எழுந்து ஓடிவந்தன. அப்புறம் அந்தப் பந்தி முடிகிறவரை அந்தக் கூரையில் ரசமும் மோரும் பாயசமும்தான். மாமா மொய் நோட்டோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மற்றபடி வாடகை 85,000, கரண்ட் தனி. ஜெனரேட்டர் நல்லது, மாறுவது தெரியாது. மேல்மாடி ரூமில் வெந்நீர் வராது. கார் நூறு நிறுத்தலாம். புக் பண்ணும்போதே கூடத்தை மாற்றிப் போட்டுத் தரமுடியுமா என்று கேளுங்கள். டேபிள் மாற்ற ஆள்கூலி 2,500 தனியாகக் கேட்பார்கள், 1,500-க்கு வருவார்கள்.